அடிச்சுவடு அழியாத நிலம்

தென் அமெரிக்காவின் மேலைக் கரையில் பெரு என்னும் நாடு உள்ளது. அதன் தலைநகராகிய லிமாவிலிருந்து தெற்கே ஏறத்தாழ 400 கிலோமீட்டர் சென்றால் நாஸ்கா என்னும் சிற்றூரை அடையலாம். அவ்வூரைச் சூழ்ந்திருப்பது பாலைநிலம்.

ஊருக்குக் கிழக்கே செர்ரோ பிளாங்கோ என்னும் மணற்குன்று வானளாவி நிற்கின்றது. கடல் மட்டத்திற்கு மேல் அதன் உயரம் 2,000 மீட்டருக்கும் அதிகம். வெயிலுக்கு அஞ்சி, பொழுது புலருமுன்னரே இளைஞர் பலர் அதன்மேல் ஏறத் தொடங்குவர். ஓரடி முன் வைத்தால் அரையடி பின்னுக்குச் சறுக்கும். மூச்சு வாங்க உச்சியை அடைந்ததும், பலகைமீது நின்றும் அமர்ந்தும் சரிவில் வழுக்கி இறங்குவர். பல மணிநேரம் ஏறிய உயரம் சிறிது நேரத்தில் கழிந்துவிடும்! அவர்கள் பதித்த சுவடுகளையோ காற்று அன்றே துடைத்துவிடும்.

ஊருக்கு வடமேற்கேயுள்ள சமவெளியின் இயல்பு இதற்கு நேர்மாறானது. அங்கே பரந்து கிடப்பது மணல் அன்று. வெயிலில் காய்ந்து கறுத்த சிறு கற்களே. அவற்றை விலக்கினால் கீழே வெளிறிய மண் தோன்றும். மழை என்பது அங்குப் பெயரளவிற்கே உண்டு. ஆதலின், ஒருமுறை விலகிய கல் விலகியவாறே கிடக்கும்.

இவ்வியல்பை அறிந்த பண்டை மக்கள், கி.மு. 500 முதல் கி.பி. 500 வரையுள்ள காலத்தில், கற்களை ஒதுக்கி ஒதுக்கியே அந்நிலத்தில் ஓவியம் தீட்டினர். சுருண்ட வாலையுடைய குரங்கு, 46 மீட்டர் நீளமுள்ள சிலந்தி, 90 மீட்டருக்கும் மேல் நீண்ட ரீங்காரச் சிட்டு என அவை பலவாகும். எதற்காக வரைந்தனர்? வானநூற் கணக்கிற்காக என்பர் சிலர். நீர் வேண்டிய வழிபாட்டிற்காக என்பர் வேறு சிலர். முடிந்த முடிபு இன்னும் இல்லை. விண்ணிலிருந்து வந்தோர் வரைந்தனர் என்ற கதையும் உலவுகின்றது. கோடுகளின் முனையில் கிடைத்த மரமுளைகளைக் கண்டவர் அதனை நம்பமாட்டார்.

மரியா ரைக்கே என்னும் ஜெர்மானியப் பெண்மணி 1932-ஆம் ஆண்டில் பெருவுக்கு வந்தார். கணிதம் கற்ற அவர், 1940-களில் தொடங்கித் தம் வாழ்நாளையே இக்கோடுகளுக்கு ஈந்தார். அளவுநாடாவும் துடைப்பமுமாக வெயிலில் தனியே அலைந்த அவரைக் கண்டு ஊரார் ஐயுற்றனர். அவரோ ஒவ்வொரு கோட்டையும் கூட்டித் துலக்கி, அளந்து, படமாக வரைந்தார். கோடுகளை மிதித்துச் செல்வோரைத் தடுக்கத் தம் பொருளைச் செலவிட்டுக் காவலரையும் அமர்த்தினார். 1994-இல் யுனெஸ்கோ நிறுவனம் இவ்விடத்தை உலக மரபுச் செல்வமாக ஏற்றபோது அவர் உயிரோடிருந்தார்; 1998-இல் மறைந்தார்.

அவர் அஞ்சியதும் பொய்யாகவில்லை. 2014 டிசம்பரில் ஓர் இயக்கத்தார் தம் முழக்கத்தைத் துணியெழுத்துகளால் தரையில் பரப்புவதற்காக ரீங்காரச் சிட்டின் அருகே நடந்து சென்றனர். அவர்கள் நோக்கம் தீயதன்று. புவியைக் காக்கவேண்டும் என்பதே. எழுத்துகளை எடுத்துச் சென்றனர். அடிச்சுவடுகளை எடுத்துச் செல்ல இயலவில்லை.

இன்று அங்குச் செல்வோர் சிறு வானூர்தியில் பறந்து உருவங்களைக் காண்கின்றனர். அதற்குப் பொருளில்லாதோர்க்கு, 1976-இல் ரைக்கே எழுப்பிய இரும்புக் கோபுரம் சாலையோரத்தில் இருக்கின்றது. முன்னாளில் அச்சாலையை அமைத்தோர், கீழே இருப்பது இன்னதென்று உணராமல், ஒரு பல்லியின் உருவத்தை இரண்டாகப் பிளந்துவிட்டனர். அதன்மீது சரக்கு வண்டிகள் ஓயாது ஓடுகின்றன. கோபுரத்தின் மறுபக்கத்தில் இரு கைகளின் உருவம் தெளிவாகத் தெரிகின்றது. ஏறிவந்த சிறுவர் அதன் விரல்களை எண்ணுகின்றனர். ஒரு கையில் ஐந்து; மற்றொன்றில் நான்கே. தவறோ என்று மீண்டும் எண்ணுகின்றனர். நான்குதான்.