கோபத்தோடேயே செபி

ஊர்காவற்றுறை

அன்பின் மகளுக்கு,

சின்னம்மா எழுதுகிறேன். உன் அம்மா, என் அக்கா, போனபிறகு செபமாலையைத் தொட மனம் வருகுதில்லை, தொட்டாலும் கோபம்தான் வருகுது என்று போனில் சொல்லி அழுதாய். "இவ்வளவு நவநாள் செபிச்சமே, கேட்டாரா சின்னம்மா?" என்ற கேள்விக்கு அந்த நேரம் எனக்கு வாய் திறக்க முடியவில்லை.

அந்தக் கேள்வியைப் பாவமென்று நினைக்காதே. தன் உடலில் தைத்த முள்ளை எடுத்துவிடும்படி பவுலடியார் மூன்று தரம் கேட்டார், எடுபடவில்லை. கெத்சமனித் தோட்டத்தில் ஆண்டவரே துன்பக் கிண்ணம் அகலவேண்டும் என்று கேட்டார், அகலவில்லை. சோதிக்கிறவன் உன் கோபத்தைப் பார்த்துச் சந்தோசப்படமாட்டான். "இனி அவரோடு உனக்கு என்ன பேச்சு?" என்று மெல்ல மெல்ல உன்னை வாய்மூட வைப்பதுதான் அவனுடைய வேலை. போராட்டம் அங்கேதான் நடக்கிறது, பிள்ளை.

2006 இல் நீ சின்னப் பிள்ளை. ஆகஸ்ட் மாதம், சோளகம் வீசுகிற காலம். அல்லைப்பிட்டிச் சனம் ஷெல்லுக்குப் பயந்து பிலிப்புநேரியார் கோயிலுக்குள் ஒதுங்கியிருக்க, அந்தக் கோயிலின் மேலேயே ஷெல் விழுந்தது. செபிக்கப் போன இடத்திலேயே சனம் செத்தது. பங்குச்சாமி ஜிம் பிரவுன் அடிகள் காயப்பட்டவர்களுக்காக அலைந்து, மிஞ்சின சனத்தை இங்கே எங்கள் மரியாள் கோயிலுக்குக் கூட்டிவந்தார். 20ஆம் திகதி இன்னொருவரோடு திரும்ப அல்லைப்பிட்டிக்குப் போனார். இருவரையும் அதன்பிறகு ஒருவரும் காணவில்லை.

அவர் உயிரோடு வரவேண்டும் என்று நாங்கள் எப்படியெல்லாம் மன்றாடினோம்! உன் அம்மாவும் என்னோடு முழந்தாளில் இருந்தவதான். வருசங்கள் போகப்போக என் செபம் தானாக மாறிற்று. முதலில் "திருப்பித் தாரும்" என்றேன். பிறகு "ஏன் தரவில்லை?" என்று சண்டை பிடித்தேன். இப்போது "அவர் எங்கே இருந்தாலும் உம்முடைய கையில் இருக்கட்டும், உண்மை வெளியே வரட்டும்" என்கிறேன். கடவுளை நம்புகிறவள் நீதி கேட்கக்கூடாது என்று ஆராவது சொன்னால் அதைக் காதில் போடாதே. மறுமொழி கிடைத்ததால் நான் நம்பவில்லை. சண்டை பிடித்த காலத்திலும் அவர் என்னை விட்டு விலகவில்லை என்பது எனக்குத் தெரியும், அதனால் நம்புகிறேன்.

எங்கள் முன்னோரையும் நினைத்துப் பார். 1658 இல் ஒல்லாந்தர் யாழ்ப்பாணத்தைப் பிடித்ததும் குருமாரைத் துரத்தினார்கள். பூசை இல்லை, பாவசங்கீர்த்தனம் இல்லை. கடலுக்குள் நிற்கிற அந்தக் கடற்கோட்டை அவர்கள் கையில். சனம் வீட்டுக்குள் ஒளித்து ஒளித்துச் செபித்தது. 1687 இல்தான் கோவாவிலிருந்து யோசேவ் வாஸ் அடிகள் பிச்சைக்காரக் கோலத்தில், வருத்தத்தோடு வந்து இறங்கினார். இருபத்தொன்பது வருசம்! ஒரு குருவைத் தாரும் என்று கேட்ட எத்தனை தாய்மார் அவரைக் காணாமலே கண்மூடியிருப்பார்கள். அவர்கள் கேட்டது வீண்போனது என்று உன்னால் சொல்ல முடியுமா? இன்றைக்கு நீயும் நானும் ஞானஸ்நானம் பெற்றவர்களாக இருக்கிறோமே.

ஐம்பத்துமூன்று மணியும் சொல்லவேண்டாம். இரவில் படுக்கமுன் "ஆண்டவரே, எனக்கு உம்மில் கோபம்" என்று மட்டும் சொல்லு. அதுவும் செபம்தான். சொல்ல முடியாத நாளில் எனக்கு ஒரு மிஸ்ட் கோல் அடி, உனக்காக நான் சொல்லுகிறேன்.

அக்காவின் ஆட்டைத்திவசப் பூசைக்குச் சாமியாரிடம் சொல்லிவைத்திருக்கிறேன். இங்கே விடிய ஆறு மணிக்கு. ரொறன்ரோவில் அது முதல்நாள் இரவு. பிள்ளைகளுக்குச் சாப்பாடு கொடுத்து முடித்துவிட்டு அந்த நேரம் எங்களோடு இரு. தம்பியையும் எழுதச் சொல்லு.

அன்புடன்,
சின்னம்மா