கோவா: கள்ளில் பொங்கிய ரொட்டி

விடிவதற்கு இன்னும் ஒரு மணி நேரம் இருக்கிறது. தெற்கு கோவாவின் மஜோர்டா கிராமத்தில் தென்னைகளுக்கு நடுவே ஓட்டு வீடுகள் இருட்டில் கிடக்கின்றன. ஒரு வீட்டின் பின்கட்டில் மட்டும் வெளிச்சம். கவிழ்த்த பானை போன்ற பெரிய அடுப்பில் விறகு எரிந்து அடங்கிவிட்டது. கங்குகளை ஓரமாக வாரித் தள்ளி, தளத்தை ஈரச் சாக்கால் துடைத்து, நீண்ட மரத் துடுப்பில் மாவு உருண்டைகளை உள்ளே அனுப்புகிறார்கள். சில நிமிடங்களில் வாசனை தெருவுக்கு வந்துவிடுகிறது. பொழுது புலர்கையில், பிளாஸ்டிக் விரிப்பு போர்த்திய கூடையுடன் சைக்கிள் கிளம்புகிறது. ரப்பர் ஹாரன் சத்தம் கேட்டதும் வீடுகளில் கதவு திறக்கிறது.

இவர்தான் பொதேர், கோவாவின் ரொட்டிக்காரர். டில்லியிலும் மும்பையிலும் சி.பி.எஸ்.இ. பள்ளியில் படித்த தமிழ்ப் பிள்ளைகளுக்கு இவர் புதியவர் அல்ல. லூசியோ ரோட்ரிகஸ் எழுதிய கட்டுரை வழியாகப் பத்தாம் வகுப்பு ஆங்கிலப் பாடநூலில் சந்தித்திருப்பார்கள். அதில் வரும் ரொட்டிக்காரர் கையில் மூங்கில் கழி. அதைத் தரையில் தட்டிச் சத்தமெழுப்பிக்கொண்டே வருவார். கழியின் இடத்தில் இப்போது ஹாரன்.

1510இல் கோவாவைக் கைப்பற்றிய போர்த்துகீசியருக்கு ரொட்டி இல்லாமல் முடியாது. ஆனால் கோவா அரிசி விளையும் மண். கோதுமையை வெளியிலிருந்து கொண்டு வந்துவிடலாம். மாவைப் பொங்க வைப்பது எப்படி? விடை தென்னை மரத்தில் இருந்தது. கொங்கணியில் 'சூர்' எனப்படும் கள்ளை ஊற்றிப் பிசைந்தார்கள். ஏசு சபைப் பாதிரிகள் உள்ளூர்க்காரர்களுக்கு ரொட்டி சுடக் கற்றுக்கொடுத்தது மஜோர்டாவில்தான் என்பது வட்டார மரபு.

'பாவோ' என்ற போர்த்துகீசியச் சொல் மும்பையில் பாவ் ஆனது. யாழ்ப்பாணத் தமிழர் வாயில் பாண் ஆனது. பிழைப்புத் தேடி பம்பாய்க்குப் போன கோவாக்காரர்களை 'மாகாபாவ்' என்று கேலி செய்தார்கள். அந்த நகரமே இன்று வடா பாவில் பசியாறுகிறது.

பொதேரின் கூடையில் உள்ள பெயர்கள் தமிழ்க் காதுக்கு அத்தனை அந்நியமல்ல. வளையல் வடிவில் மொறுமொறுப்பாக, தேநீரில் நனைத்துத் தின்பது காங்கோண், நம் கங்கணம்தான். கத்தரியால் வெட்டி வண்ணத்துப்பூச்சி போல விரிப்பது காத்ரே பாவ். உருண்டையாகக் கெட்டித் தோலுடன் இருப்பது உண்டோ. தவிடு தூவிய, உள்ளே வெற்றிடமான போயி சர்க்கரை நோயாளிகளின் செல்லம். மைதாவில் செய்து மேலே தவிட்டை மட்டும் தூவுகிற போயியும் உண்டு என்பதை அவர்கள் கவனிப்பது நல்லது.

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தது. கோவாவில் முதல் சில நாட்கள் மளிகைக் கடைகளே மூடிக்கிடந்தன. வாசலுக்கு வரும் ரொட்டியை நம்பியிருந்த வீடுகள் திண்டாடின. அதே மாதங்களில்தான் பெங்களூர் முதல் லண்டன் வரை படித்த நடுத்தர வர்க்கம் மாவு பிசைய உட்கார்ந்தது. பல நாடுகளில் கடை அலமாரிகளிலிருந்து ஈஸ்ட் காணாமல் போயிற்று. ஈஸ்ட் இல்லாதவர்கள் மாவையும் தண்ணீரையும் பாட்டிலில் கலந்து, தினமும் கொஞ்சம் மாவூட்டி, தானாகப் புளிக்கும்வரை காத்திருந்தார்கள். சவர்டோ என்ற சொல் சமையலறைகளில் புகுந்தது. இட்லி மாவைத் தினசரி புளிக்க வைக்கும் வீடுகளில் இது அதிசயமாகப் பேசப்பட்டதுதான் வேடிக்கை.

மாவுப் பாட்டிலில் வளர்வதும் கள்ளில் வாழ்வதும் ஒரே குடும்பம்தான்: காற்றிலும் தானியத்திலும் பூவிலும் இருக்கும் காட்டு ஈஸ்ட்டும், புளிப்பு தரும் பாக்டீரியாவும். நகரத்துக்காரர்கள் ஒரு வாரம் பாடுபட்டு வளர்த்ததை கோவாவின் மரமேறி தினமும் காலையில் குடத்தில் இறக்கிக் கொண்டிருந்தார்.

ஊரடங்கு போன பிறகும் பழக்கம் பல வீடுகளில் தங்கிவிட்டது. எளிதான வேலையல்ல. கடற்கரைப் புழுக்கத்தில் மாவு சொன்ன பேச்சு கேட்காமல் பொங்கி வழிகிறது. ஃபிரிட்ஜுக்குள் வைத்துத்தான் அடக்க வேண்டும். சப்பாத்திக்கென்று நைஸாக அரைத்த ஆட்டா நிறையத் தண்ணீர் குடித்து ரொட்டியைக் கனக்க வைக்கிறது. வீட்டு ஓவனுக்கு விறகடுப்பின் சூடு வராது. அதனால் கனமான இரும்புப் பாத்திரத்தைச் சூடாக்கி, அதற்குள் மாவை இறக்கி, ஆவி வெளியேறாமல் மூடிச் சுடுகிறார்கள். நன்றாக வந்தால் பக்கத்து வீட்டுக்கும் ஒன்று போகிறது. சிலருக்கு அதுவே வியாபாரமாகிறது. பெருநகரங்களில் இப்படி ஒரு சவர்டோ ரொட்டி சில நூறு ரூபாய்.

பொதேரின் பாவ் சில ரூபாய்தான். மைதாவும் விறகும் விலை ஏறும்போது அவர் ஒரு ரூபாய் கூட்டினாலும் கோவாவில் அது செய்தியாகிவிடுகிறது. இரவெல்லாம் அனலில் நிற்கும் வேலைக்கு அவர் பிள்ளைகள் வருவதில்லை; கப்பலுக்கும் வளைகுடாவுக்கும் போகிறார்கள். பல அடுப்புகளை வெளி மாநிலத்தார் குத்தகைக்கு எடுத்து நடத்துகிறார்கள். அவர்கள் இல்லையென்றால் அந்த அடுப்புகள் என்றோ அணைந்திருக்கும்.

கள்தான் முதலில் போனது. மரமேற ஆள் குறைந்தது. பெரும்பாலான அடுப்புகளில் இப்போது தொழிற்சாலை ஈஸ்ட். வேலை சீக்கிரம் முடிகிறது. ஆனால் பழைய ருசி தெரிந்தவர்கள் முதல் கடியிலேயே வித்தியாசத்தைச் சொல்லிவிடுகிறார்கள். இன்னொரு பக்கம், மும்பை, பெங்களூர் உணவகங்களின் மெனுவில் போயி ஏறிவிட்டது. கோவாவுக்கு வரும் சுற்றுலாப் பயணிகள் அடுப்பைப் பார்க்கக் காசு கொடுத்து வருகிறார்கள்.

மாலையில் மீண்டும் ஹாரன் கேட்கிறது. ஃபிரிட்ஜில் புளித்த மாவு வைத்திருக்கும் வீட்டிலிருந்தும் துணிப்பையுடன் ஆள் வருகிறது. வாரம் ஒரு முறை சுடும் ரொட்டி தினசரிச் சாப்பாட்டுக்கு எப்படிப் போதும்? பையில் விழும் பாவ் இன்னும் சூடாக இருக்கிறது. கள் ஊற்றிப் பிசைந்தது வேண்டுமென்றால் பொதேரிடம் முன்கூட்டியே கேட்டு வைக்க வேண்டும். அவர் மரமேறியிடம் சொல்ல வேண்டும். அதற்கு அந்த ஊரில் ஒரு மரமேறி இருக்க வேண்டும்.