"எனக்கு என்ன தெரியும் பாப்பா?" - வேலை தேடும் அக்காவும், நாங்கள் செய்யும் ஏ.ஐ ஆப்பும்

வேலை தேடும் ஆப் எதை வேண்டுமானாலும் திறந்து பாருங்கள். பெயர், போன் நம்பர் முடிந்த கையோடு ஒரு கேள்வி வரும்: 'உங்கள் திறன்கள் யாவை?' கீழே ஒரு காலிக் கட்டம். கேட்பது சுலபம், பதில் எழுதுவதுதான் கஷ்டம்.

திருவானைக்காவலில் எங்கள் தெருவில் இருக்கும் அக்காவுக்கு 41 வயது. துவாக்குடியில் ஒரு சின்ன ஃபேப்ரிகேஷன் பட்டறையின் ஆபீஸில் 11 வருடங்கள் வேலை பார்த்தவர். ஆர்டர் குறைந்து குறைந்து, கடைசியில் பட்டறையையே மூடிவிட்டார்கள். அந்தக் காலிக் கட்டத்தில் என்ன எழுதலாம் என்று கேட்டேன். "எனக்கு என்ன தெரியும் பாப்பா? ஆபீஸ்ல உக்காந்திருப்பேன். வேணும்னா டைப்பிங் லோயர்னு போட்டுக்க" என்றார்.

என் பள்ளித் தோழிகள் இருவர் சாஃப்ட்வேர் வேலையில் இருக்கிறார்கள். தமிழில் பேசினாலே ரெஸ்யூம் தயார் செய்து, பொருத்தமான வேலையைக் காட்டும் ஏ.ஐ ஆப் ஒன்றை ராத்திரியும் ஞாயிற்றுக்கிழமையுமாக வடிவமைத்துக்கொண்டிருக்கிறார்கள். எனக்குக் கோடிங் வராது. அதனால் கேள்விகளை எழுதிக் கொடுக்கும் வேலை என்னுடையது. நிருபர் வேலையில் முதல் மாதமே புரிந்துவிடும் ஒரு விஷயம் உண்டு. 'நீங்கள் எப்படிப்பட்டவர்?' என்று கேட்டால் யாருக்கும் வாய் வராது. 'அன்றைக்கு என்ன நடந்தது?' என்று கேட்டால் டீ ஆறிப்போகும் வரை பேசுவார்கள்.

அதனால் 'திறன்கள் யாவை'யை எடுத்துவிட்டோம். அதற்குப் பதில், 'வேலைக்குப் போனதும் முதலில் என்ன செய்வீர்கள்? அப்புறம்?' என்று ஆப் குரலில் கேட்கும். அக்கா போனைக் கையில் பிடித்துக்கொண்டு 20 நிமிடங்கள் பேசினார்.

பெரிய கம்பெனியிலிருந்து வந்த பிளேட் எத்தனை டன், வெட்டி வெல்டிங் செய்து திருப்பி அனுப்பியது எவ்வளவு, மிச்சம் ஸ்கிராப் எவ்வளவு என்று மாதக் கடைசியில் கணக்கை நேர் செய்வது அவர்தான். அதில் இடித்தால் பில் பாஸ் ஆகாது. டேலி என்ட்ரி அவர்தான். வெல்டர்களுக்குச் சனிக்கிழமை சம்பளம் பிரித்துக் கொடுப்பதும் அவர்தான். 2018 ஏப்ரலில் இ-வே பில் வந்தது நினைவிருக்கும். 50,000 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள சரக்கு வெளி மாநிலம் போனால் ஆன்லைனில் போட்டே ஆக வேண்டும். ஆடிட்டர் ஆபீஸ் பையனிடம் இரண்டு நாள் உட்கார்ந்து அதைக் கற்றுக்கொண்டிருக்கிறார். அப்புறம் பக்கத்துப் பட்டறைக்காரர்கள் இவரிடம் வந்து கேட்டிருக்கிறார்கள். இந்த அக்காதான் 'எனக்கு என்ன தெரியும்' என்றவர்!

இனி ஏ.ஐ செய்த வேலையைக் கேளுங்கள். பேச்சில் அக்கா நாலைந்து முறை 'டிசி' என்றார். பட்டறையில் அது சரக்கோடு போகும் டெலிவரி சலான். நம் ஊரில் பாதிப் பேர் வாயில், ஸ்கூலில் வாங்கும் டி.சி-யும் இதுவும் ஒன்றுபோலத்தான் ஒலிக்கும். ஏ.ஐ யோசித்து, அக்காவைப் பள்ளிக்கூட ஆபீஸ் ஊழியராக்கிவிட்டது. தோழிகள் தலையில் கை வைத்துக்கொண்டார்கள். எனக்குச் சிரிப்பு வந்தது.

அடுத்தது சிரிக்கிற விஷயம் இல்லை. அக்கா 'சம்பளம் பிரித்துக் கொடுப்பேன்' என்று சொன்னதை, '25 பேர் கொண்ட குழுவை வழிநடத்திய மனிதவள நிபுணர்' என்று எழுதியிருந்தது. 25 என்ற எண் எங்கிருந்து வந்தது என்று யாருக்கும் தெரியாது. இந்த வகை ஏ.ஐ-க்கு உண்மை, பொய் என்ற பேதம் கிடையாது. ரெஸ்யூம் என்றால் இப்படித்தான் இருக்கும் என்று படித்துவைத்திருக்கிறது, அதையே எழுதுகிறது. பார்க்க ஜோராகத்தான் இருந்தது. அக்காவிடம் படித்துக் காட்டினோம்.

"இன்டர்வியூல கேட்டா நான் என்ன சொல்றது? அழிச்சிருங்கம்மா" என்றார்.

அந்த ஒரு வார்த்தையில் ஆப்பின் பாதி டிசைன் மாறியது. இப்போது, அவர் வாயால் சொல்லாத எதுவும் ரெஸ்யூமில் வராது. ஒவ்வொரு வரியையும் தொட்டால், அந்த வரி எந்தப் பேச்சிலிருந்து வந்ததோ அதை அவர் குரலிலேயே கேட்கலாம். பிடிக்கவில்லையென்றால் அழிக்கலாம். குரல் பதிவையும் சேர்த்தே அழிக்கலாம். இதனால் ஆப் கொஞ்சம் மெதுவாகிவிட்டது. பரவாயில்லை என்பது என் கட்சி.

வேலை தேட வழியே இல்லாத ஊரா இது என்று நீங்கள் கேட்கலாம். வேலைவாய்ப்பு அலுவலகம் இருக்கிறது. மூன்று வருடத்துக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்கும் பழக்கம் நம் வீடுகளில் இன்னும் இருக்கிறது. 2015 முதல் மத்திய அரசின் தேசிய வேலைவாய்ப்புச் சேவைத் தளம் இருக்கிறது. 2020 முதல் தனியார் வேலைகளுக்கென்றே தமிழக அரசின் இணையதளம் இருக்கிறது. இரண்டிலும் பதிவு இலவசம், நல்ல விஷயம். ஆனால் எல்லாமே படிவத்தில்தான் தொடங்குகின்றன. தன் வேலைக்கு என்ன பெயர் என்று தெரிந்தவருக்குத்தான் படிவம்.

கம்பெனிகளின் பக்கம் ஏ.ஐ எப்போதோ வந்துவிட்டது. அமேசான் 2014 முதல் உருவாக்கிவந்த ஆள்தேர்வு மென்பொருளைப் பற்றி 2018-ல் ராய்ட்டர்ஸ் செய்தி வெளியிட்டது. பத்து வருட ரெஸ்யூம்களைக் கொடுத்து அதற்குப் பாடம் நடத்தியிருக்கிறார்கள். பெரும்பாலானவை ஆண்களுடையவை. அது 'பெண்கள்' என்ற சொல் வந்த ரெஸ்யூம்களுக்கு மார்க்கைக் குறைத்திருக்கிறது. அமேசான் அதைக் கைவிட்டது. ஐரோப்பிய ஒன்றியம் 2024-ல் கொண்டுவந்த சட்டத்தில், ஆள் எடுக்கும் ஏ.ஐ 'அதிக ஆபத்து' வகையில் இருக்கிறது. பழைய கணக்கை வைத்து ஆளை எடை போட்டால் இதுதான் நடக்கும்.

இங்கே எங்கள் ஊர்க்காரர் ஒருவரை இழுக்கலாம் என்று தோன்றுகிறது. சர் சி.வி.ராமன் 1888-ல் பிறந்தது திருவானைக்காவலில். 1907-ல் நிதித்துறைத் தேர்வு எழுதி, கல்கத்தாவில் கணக்குத்துறை அதிகாரியாகப் போனார். பத்து வருடங்கள் பகலில் அரசாங்கக் கணக்கு. ஆபீஸ் நேரம் போக மிச்ச நேரத்தில் இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகத்தின் ஆய்வுக்கூடம். 1917-ல்தான் கல்கத்தா பல்கலைக்கழகப் பேராசிரியரானார். கடைசியாகப் பார்த்த வேலையை மட்டும் பார்க்கும் ஒரு ஆப் அவருக்கு என்ன காட்டியிருக்கும்? இன்னொரு கணக்கு ஆபீஸ்! அதனால் 'வேலை நேரம் முடிந்தபின் என்ன செய்வீர்கள்?' என்றும் ஒரு கேள்வி வைத்தேன். அக்கா, தெருவில் இருப்பவர்களுக்கு ஆன்லைன் விண்ணப்பங்களைப் போட்டுக் கொடுப்பாராம். காசு வாங்குவதில்லை.

தூரம் இன்னொரு தலைவலி. திருவானைக்காவல், காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவில் இருக்கும் தீவு. நேர்கோடு போட்டால் கொள்ளிடத்தின் அக்கரை ஊரெல்லாம் கைக்கெட்டும் தூரம். ஆள் ஆற்றின் மேல் பறக்க முடியாதே! 2022 கடைசியில் பழுதுபார்ப்பதற்காகக் காவிரிப் பாலத்தை மூடியபோது, சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்கே சுற்றிக்கொண்டு போனவர்கள் நாங்கள். எனவே கிலோமீட்டரை எடுத்துவிட்டு, பஸ்ஸில் எத்தனை நிமிடம், திரும்பி வரக் கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று காட்டச் சொன்னேன். பெண்களுக்கு அந்த இரண்டாவது விவரம்தான் முக்கியம்.

இதற்கு நடுவில் அக்காவுக்கு ஒரு போன் வந்தது. வீட்டிலிருந்தே டேட்டா என்ட்ரி, மாதம் 28,000, பதிவுக் கட்டணம் 1,500 ரூபாய் மட்டும் என்றார்களாம். பணம் கட்டியே ஆக வேண்டும் என்று யார் சொன்னாலும் அது வேலை இல்லை. கட்டி ஏமாந்துவிட்டால் உடனே 1930-க்குப் போன் செய்யுங்கள். பணம் கேட்கும் விளம்பரம் எதுவும் எங்கள் ஆப்பில் வராது என்பதில் மூவருக்கும் ஒரே கருத்து. சம்பளம் போடாத விளம்பரத்தையும் காட்டக் கூடாது என்கிறேன் நான். "அப்படிப் பார்த்தா பாதி வேலை காணாமப் போயிடும்டி" என்கிறார்கள் தோழிகள். சண்டை நடந்துகொண்டிருக்கிறது.

போன வாரம் மண்ணச்சநல்லூரில் ஒரு அரிசி ஆலையிலிருந்து அக்காவை அழைத்தார்கள். கேரளாவுக்கு லோடு போகிறது, பில் போட ஆள் வேண்டும். மேனேஜர் போனிலேயே கேட்டது ஒரே கேள்வி: "லாரி வழியில பிரேக்டவுன் ஆகி, வேற வண்டிக்கு லோட மாத்தினா என்னம்மா பண்ணுவீங்க?"

"பார்ட்-பி-ல புது வண்டி நம்பரப் போடணும் சார். இல்லன்னா செக்கிங்ல பிடிப்பாங்க."

திங்கட்கிழமை நேரில் வரச் சொல்லியிருக்கிறார்கள். சம்பளம் எவ்வளவு என்று சொல்லவில்லை. அதை முதலில் கேளுங்கள் என்று சொல்லியிருக்கிறேன். அக்கா துறையூர் பஸ் நேரத்தை விசாரித்துக்கொண்டிருக்கிறார்.