விழுப்புரத்தில் ஓர் இரவு தங்குங்கள்



இத்தாலிக்குப் போனவர்கள் ஃபுளோரன்ஸ் ஓட்டல் அறையையும் அந்த ஊர்ச் சுவரோவியங்களையும் படமெடுத்து அனுப்புகிறீர்கள். மகிழ்ச்சி! நானும் ஓட்டலில்தான் இருக்கிறேன், விழுப்புரத்தில். பையை வைத்து, கொசுவத்தி ஏற்றி, காலைப் பேருந்தையும் விசாரித்தாயிற்று. விடிந்தால் பனமலை.

சுமார் 1300 ஆண்டுகளுக்கு முன் ராஜசிம்ம பல்லவன் கட்டிய தாளகிரீசுவரர் கோயில் அது. அங்கே ஒரு சிறு சன்னதிச் சுவரில், குடையின் கீழ் ஒரு காலை மடித்துச் சாய்ந்து நின்று, உமை சிவனின் ஆட்டத்தைப் பார்க்கிறாள். ஆடும் சிவனின் ஓவியம் பெரும்பாலும் அழிந்துவிட்டது. பார்ப்பவள்தான் மிஞ்சியிருக்கிறாள், அவளும் மங்கி வருகிறாள்.

போகிற போக்கில் எட்டிப் பார்த்தால் போதாது. அடுத்த விடுமுறையில் பிள்ளைகளோடு வந்து ஓர் இரவு தங்கி, நிதானமாகப் பாருங்கள்.