நமது சீமையில் என்ன இருக்கிறது?

மதுரையில் மீனாட்சியம்மனைத் தரிசித்துவிட்டுக் குற்றாலத்துக்கு விரையும் பிரயாணிகள், விருதுநகர் ஸ்டேஷனில் வண்டி நின்றதும் வெளியே எட்டிப் பார்க்கிறார்கள். "இந்தக் கரிசல் காட்டில் பார்ப்பதற்கு என்ன இருக்கிறது?" என்று ஜன்னற் கதவை இறக்கிவிடுகிறார்கள். இவ்வூரில் நெடுநாளாகப் பிள்ளைகளுக்குப் பூகோளம் போதித்து வரும் நமக்கு இது பொறுக்கவில்லை.

விருதுபட்டி என்ற பெயர் 1923-ல் விருதுநகர் ஆயிற்று. காமராஜரின் வீடு இங்கே நினைவில்லமாக விளங்குகிறது. 1954 முதல் 1963 வரை முதன் மந்திரியாக இருந்தவருடைய வீடு இவ்வளவுதானா என்று வருவோர் வாசலிலேயே திகைப்பர். அந்தத் திகைப்பு ஒன்றுக்காகவே குழந்தைகளை அழைத்து வரலாம்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் மட்டும் சிலர் இறங்குவதுண்டு. 11 நிலைகளுடன் சுமார் 192 அடி உயர்ந்து நிற்கும் கோபுரம் யாரைத்தான் இழுக்காது? அவ்வூர்ப் பால்கோவாவுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. நம் வீட்டம்மாள் அச்சான்றை அதற்கு வெகுகாலம் முன்பே வழங்கிவிட்டாள்! ரமணர் 1879-ல் அவதரித்த திருச்சுழியும், இருக்கன்குடி மாரியம்மனும், சாத்தூர்ச் சேவும் அவரவர் ருசிக்கு விட்டோம்.

ஆனால் சிவகாசியைப் பாராமல் போகிறவர்கள் இச்சீமையையே பார்த்தவர்கள் அல்லர். மழை பொய்த்து விவசாயம் கைவிட்ட பூமி இது. 1922-ல் அய்ய நாடார், சண்முக நாடார் என்ற இரு உறவினர்கள் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழில் கற்று வந்தனர். பயிருக்குப் பகையான வறண்ட காற்றே தீக்குச்சிக்கும் வெடிக்கும் உறவாயிற்று. தீப்பெட்டிக்கு ஒட்டும் லேபிளுக்காக அச்சுக்கூடங்கள் வந்தன. நம்மில் பலர் வீட்டுச் சுவரில் தொங்கும் காலண்டர் அந்த வழியில் பிறந்ததே.

ஆலை என்று இங்கே பேச்சில் சொல்வதில்லை. "பட்டாசு ஆபீஸ்" என்பதே வழக்கு. வெளியார் உள்ளே போவதற்கில்லை, போகவும் கூடாது. சாலையிலிருந்து பார்த்தால், பொட்டற் காட்டில் ஒன்றோடொன்று ஒட்டாத சின்னஞ்சிறு அறைகள் தெரியும். ஓர் அறையில் தீப்பிடித்தால் அடுத்ததற்குப் பரவாதிருக்கவே அந்த இடைவெளி. இடைவெளியும் சில நாளில் காப்பாற்றுவதில்லை. 2012 செப்டம்பர் 5-ஆம் தேதி முதலிப்பட்டியில் நேர்ந்த விபத்தில் சுமார் 40 பேர் மாண்டனர்.

பாடம் நடக்கையில் தொலைவில் 'டம்' என்று ஓசை கேட்கும். பெரும்பாலும் அது வெடித்துப் பார்க்கும் சோதனைச் சத்தமே. ஆயினும் வகுப்பில் நான்கைந்து தலைகள் ஜன்னல் பக்கம் திரும்பும். அவர்கள் தாய்மார் வேலைக்குப் போன திசை அது. இரண்டாவது ஓசை வருகிறதா என்று கேட்டுவிட்டுத்தான் நாமும் கரும்பலகைப் பக்கம் திரும்புவோம்.

தீபாவளிக்கு மலிவாய் வாங்கலாமென்று வருவோர் கடையில் தாராளமாகப் பேரம் பேசட்டும். பிறகு பொழுது சாயும் வேளையில் சாலையோரம் சிறிது நிற்கட்டும். வேலை முடிந்து பஸ்ஸிலிருந்து பெண்கள் இறங்குவார்கள். தேய்த்துக் கழுவிய பின்னும் அவர்களுடைய விரலிடுக்கில் அலுமினியப் பொடி வெள்ளியாய் மின்னிக்கொண்டிருக்கும்.