கைக்கடக்கமான படக்கருவி

அன்றாடப் பயனுக்குச் சிறிய இலக்கமுறைப் படக்கருவி வாங்குவோருள் பலர், "எத்தனை மெகாபிக்சல்?" என்றே முதலில் வினவுவர். அதனினும் முதன்மையானது ஒளியை ஏற்கும் உணரியின் பரப்பு. சிறு கருவிகள் பலவற்றில் அது ஏறத்தாழ 28 சதுர மில்லிமீட்டர். 2012இல் வெளிவந்த சோனி ஆர்எக்ஸ்100 கருவியிலோ ஏறத்தாழ 116. எடை 240 கிராமே. மங்கிய மண்டபத்தில் பரிசு பெறும் மாணவியின் முகத்தைத் தெளிவாகக் காட்ட வல்லது இத்தகைய பெரிய உணரியே.

எனினும், தொலைவை அண்மையாக்கும் 30 மடங்கு வில்லை சட்டைப்பைக்குள் அடங்குவது சிறிய உணரியால்தான். பகலொளியில், திடலின் மறுகோடியில் ஓடும் மாணவனைப் படமெடுக்க அதுவே ஏற்றது. ஆர்எக்ஸ்100 எட்டுவது 3.6 மடங்கே.

இரண்டும் ஒருங்கே வாய்ப்பது அரிது. ஆதலின், எவ்வொளியில் எதனைப் படமெடுப்பது மிகுதி என்று எண்ணிய பின்னரே கடைக்குச் செல்லுதல் நன்று. கடந்த நாள் மீண்டும் வந்து படத்திற்கு நிற்பதில்லை.