தண்ணீர் வடிந்த பிறகு

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. 24 மணி நேரத்தில் 46 செ.மீ.க்கும் மேல் மழை. வில்லியனூர்ப் பக்கம் சங்கராபரணி ஆறு பெருக்கெடுத்தது. சாத்தனூர் அணை திறக்கப்பட்டதும் தென்பெண்ணை ஆறு கரைபுரண்டு பாகூர் கொம்யூன் கிராமங்களைச் சூழ்ந்தது.

இப்படிப்பட்ட நேரத்தில் ஊர் இளைஞர்கள் உடைந்து உட்காருவதில்லை. பாட்டிகளைத் தூக்கிவருவது, சோற்றுப் பொட்டலம் கட்டுவது, மாட்டை மேட்டுக்கு ஓட்டுவது என்று ஓடிக்கொண்டே இருப்பார்கள். அந்த ஓட்டமே அவர்களைத் தாங்கிப் பிடிக்கிறது.

சிக்கல் தண்ணீர் வடிந்த பிறகுதான். சகதியில் ஊறிய சான்றிதழ்களை ஒவ்வொன்றாகப் பிரித்து மின்விசிறிக்கடியில் காயவைக்கிற பெண்ணுக்கு, அப்பாவின் பயிர்க்கடனும் தன் கல்லூரிக் கட்டணமும் சேர்ந்தே கண்முன் நிற்கும். தூக்கம் போய்விடும். 'உனக்கென்னடி, சின்ன வயசு' என்று வீட்டில் சொல்லிவிடுவார்கள். அந்த ஒரு பேச்சே அவளை வாய்மூட வைத்துவிடும். பெரியவர்கள் தயவுசெய்து அதை மட்டும் சொல்ல வேண்டாம்.

வீட்டில் சொல்ல முடியாததைச் சொல்ல ஒரு வழி இருக்கிறது: 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய டெலி மானஸ் மனநல உதவி எண் 14416. கட்டணமில்லை, இரவு பகல் எந்நேரமும் தமிழிலேயே மனம்விட்டுப் பேசலாம். ஃபெஞ்சலின்போது புயல் நிவாரணம் 5,000 ரூபாய் என்ற செய்தி வீடுவீடாகப் போன மாதிரி இந்த எண்ணும் போக வேண்டும். கொம்யூன் அலுவலகச் சுவரிலும் டீக்கடை வாசலிலும் இதைப் பெரிதாக எழுதிவைக்கலாம்.